ஃபிர்அவ்னை அடையாளம் சொன்னவர்

சவுதியில், செங்கடல் கரையிலுள்ள யான்புவில் ரிஃபைனரிக்கு ஆள் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் கேம்ப்பில் கீழக்கரை ஹசன் அலியைத் தெரியாதவர் இல்லை. வேலை ஸ்டோரில், பேர் வாங்கியது ஃபிர்அவ்ன் விஷயத்தில். மூசா நபியைத் துரத்திவந்து செங்கடலில் மூழ்கிய எகிப்து அரசன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. பத்திரிகையில் வெட்டியெடுத்த மம்மி படம் ஒன்றைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார். யார் ரூமுக்கு வந்தாலும் அதைக் காட்டி, “இவன்தான், இரண்டாம் ராம்சஸ்” என்பார்.

வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு, கம்பெனியின் அரசாங்கக் காகித வேலைகளைப் பார்க்கும் எகிப்துக்காரர் ஃபவ்ஸியும் வருவார். அந்தப் படத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அரபியும் ஹிந்தியும் கலந்து சண்டைக்கு நிற்பார்.

“ராம்சஸ் கிழவனாகி, பல்லெல்லாம் சொத்தையாகிச் செத்தவர். கடலில் முங்கினாராம்!”

“அப்படின்னா அவன் மகன் மெர்னெப்தா.”

“போன வாரம் அப்பன், இந்த வாரம் மகன். அடுத்த வாரம் என் தாத்தாவா?”

அதே ரூமில் இருந்த நாகர்கோவில் கிறிஸ்தவர் பாஸ்கர் எலும்பைக் கடித்தபடி சொல்வார்: “எங்க வேதத்துல வெறும் பார்வோன்னுதான் போட்டிருக்கு அண்ணே. பேரும் இல்ல, ஊரும் இல்ல.”

ஹசன் அலியின் தம்பி ஃபாரூக், அங்கேயே எலக்ட்ரீஷியன், அவன் பங்குக்கு அண்ணனைச் சீண்டுவான். “காக்கா, நமக்கு மாதிரி அவனுக்கும் பேரும் படமும் போட்ட ஒரு இக்காமா கார்டு எடுத்திருந்தா இந்த வம்பே இல்லைல்ல?”

எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு ஃபவ்ஸி ஒருநாள் சொன்னார்: “நான் கெய்ரோவில் டிக்கெட் வாங்கிப் போய் இந்தக் கண்ணால் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நீ பேப்பரில் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது.”

1996 ஜனவரியில், காற்று பலமாக அடித்த ஒரு வெள்ளிக்கிழமை, பாஸ்கரோடு மீன் பிடிக்கப் போன ஃபாரூக் அலைத்தடுப்புக் கல்லிலிருந்து வழுக்கிக் கடலில் விழுந்தான். பாஸ்கர் தூண்டில் கம்பை நீட்டினார். எட்டவில்லை. கடலோரக் காவல் படகு இரண்டு நாள் தேடிவிட்டுத் திரும்பிப்போனது.

அதற்குப் பிறகு ஹசன் அலி டியூட்டி முடிந்ததும் நேரே கரைக்குப் போய்விடுவார். இன்று உன் உடலைக் காப்போம், பின்னால் வருகிறவர்களுக்கு அது அத்தாட்சியாக இருக்கும் என்று இறைவன் ஃபிர்அவ்னிடம் சொன்ன வசனத்தை எத்தனை பேருக்கு ஓதிக்காட்டியிருப்பார்! இப்போது அதே கடலைப் பார்த்து நின்று கெஞ்சினார்: “அந்தக் கொடியவன் உடம்பையே காப்பாத்திக் கொடுத்தியே ரப்பே. என் தம்பி என்ன பாவம் செஞ்சான்? அவன் உடம்பைக் கொடுத்துரு. வேற எதையும் கேக்க மாட்டேன்.”

ஊரிலிருந்து ஃபாரூக்கின் மனைவி ரம்ஸியா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “காக்கா, கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க. ஊகமா சொல்லிராதீங்க. அவுக எங்கயாவது உசிரோட இருக்கையில நான் விதவைன்னு இத்தா இருந்துறக் கூடாது.”

இரண்டாவது வாரம் ஓர் உடல் வடக்கே கரை ஒதுங்கியது. ஃபவ்ஸிதான் காரில் அழைத்துப்போனார். பிணவறை ஆள் துணியை மார்புவரை விலக்கினான்.

முகம் என்று ஒன்று இல்லை. தலைமுடி இல்லை. தோலின் நிறத்தை வைத்து எந்த நாட்டுக்காரன் என்றுகூடச் சொல்ல முடியாது. துறைமுகத்துக்கு வராத தேசத்துக் கப்பல் இல்லை. யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். உடலில் மிஞ்சியிருந்தது ஒரு காலில் மாட்டி, துணிக்கு வெளியே நீட்டியிருந்த சேஃப்டி ஷூ. யான்புவில் பாதிப் பேர் போடுகிற ஷூ அது.

போலீஸ் அதிகாரி உயரம் கேட்டார். ஹசன் அலிக்குத் தெரியவில்லை. உடம்பில் மச்சம், தழும்பு? தெரியவில்லை. அவர் சவுதிக்கு வந்தபோது ஃபாரூக் டவுசர் போட்ட பையன். வளர்ந்து அவனும் இங்கே வந்த பிறகு இவருக்குப் பகல் டியூட்டி, அவனுக்கு இரவு டியூட்டி. தம்பியை ஏறிட்டுப் பார்த்தது வெள்ளிக்கிழமைகளில்தான். அப்போதும் சுவரிலிருந்த படத்தைப் பற்றித்தான் பேசினார்.

வெளியே வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஃபவ்ஸி பக்கத்தில் குந்தினார்.

“ஆமாம் என்று சொல் பாய். நம் கம்பெனி மேனேஜர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். இல்லை என்றால் அநாதைப் பிணம் என்று முனிசிபாலிட்டி புதைத்துவிடும்.”

“அது அவன் இல்லைன்னா?”

ஃபவ்ஸி எழுந்தார். தன் பாக்கெட்டைத் துழாவி, இருந்த சில்லறை எல்லாவற்றையும் அவர் கையில் வைத்து, எதிரே இருந்த டெலிபோன் கேபினைக் காட்டினார்.

“ரம்ஸியா, பாத்தேன்மா. எனக்குத் தெரியல.” ஹசன் அலி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “கூடப் பொறந்தவன், எனக்கு அடையாளம் தெரியலம்மா.”

அவள் அழவில்லை. திருப்பிக் கேட்டாள்: “கால் விரலைப் பாத்தீங்களா?”

“இல்லையே.”

“ஒரு கால்ல சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல ஏறிக் கிடக்கும். செருப்பு வாங்குறப்பல்லாம் அவுகளுக்கு அதோட ஒரே அவஸ்தை. போயிப் பாருங்க. நான் போன் பக்கத்துலயே இருக்கேன்.”

ஹசன் அலி உள்ளே ஓடினார். பிணவறை ஆள் முடியாது என்று தலையாட்டினான். ஃபவ்ஸி அவன் தாடையைப் பிடித்துக் கெஞ்சி, கத்தரிக்கோல் வாங்கி, ஊறிப்போயிருந்த ஷூவைத் தன் கையாலேயே வெட்டினார். கடைசியில் காலுறையும் கழன்றது. மூடியிருந்ததால் பாதம் அழியாமல் இருந்தது, வெளுத்து, சுருங்கி. ஹசன் அலி குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். பிறகு துணியை இழுத்து மூடினார்.

முதல் மணியிலேயே ரம்ஸியா எடுத்துவிட்டாள்.

“ஏறித்தான்மா இருக்கு.”

“எந்தக் கால்னு நான் சொல்லலையே காக்கா.” உடனே அடுத்ததையும் கேட்டாள். “நீங்க சொல்லுங்க. வலதுதானே?”

வலது என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபவ்ஸி வெட்டிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இடது.”

“இடதுதான். அவுகதான்.” ரம்ஸியா வேண்டுமென்றேதான் காலை மாற்றிக் கேட்டிருந்தாள்.

“குளிப்பாட்டுறப்ப நீங்க கூட நில்லுங்க காக்கா,” என்றாள் ரம்ஸியா. “வெளியாளுகள விட்டுறாதீங்க.”