மாமியார் ரூமுக்குப் போகும் வழி

கம்பக்கா முதலில் கையை மோந்து பார்க்கிறார். படகுத் துறையில் வந்து நிற்கும் ஆளுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே, "கையக் காட்டுங்க சார்" என்று பிடித்து இழுத்து, உள்ளங்கையில் ஒரு தரம், புறங்கையில் ஒரு தரம். என் கையை மோந்ததும் முகத்தைச் சுளித்தார். "சோப்பு. அதுவும் பூ வாசனை. மீன் பிடிக்க வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, கரையோரச் சேற்றைக் காட்டினார். நான் குனிந்து முழங்கை வரை சேறு பூசிக் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி மோந்தார். "ம், பரவாயில்ல" என்றார். பத்தாம் வகுப்பு தேறியபோதுகூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

அடுத்தது சட்டை. வெள்ளைச் சட்டை போட்டவர் அவர் படகில் ஏற முடியாது. முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கும் மீனுக்கு, மேலே வெள்ளையாக எது அசைந்தாலும் அது மீன்கொத்தும் பறவைதானாம். அக்காவைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்த நானோ, படம் நன்றாக வரவேண்டும் என்று சலவை வெள்ளையில் போயிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரருடைய பழுப்புச் சட்டையைக் கொடுத்தார்கள். இஞ்சின் எண்ணெய்க் கறை, ஒரு பொத்தானைக் காணோம், வயிற்றுப் பக்கம் தாராளம். "உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று அக்கா சொன்னது பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

எல்லாருக்கும் அவர் கம்பக்கா. அறுபது வயது ஆட்கள்கூட, ஐம்பத்திரண்டு வயதான அவரை "அக்கா அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையில் எப்போதும் தன்னைப்போல் மூன்று மடங்கு நீளமுள்ள மூங்கில் கம்பு. அதனால் வந்த பெயர். கடலும் ஆற்று வாயும் கலக்கும் இடத்தில், அலையாத்தி மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் ஆழமில்லாத நீரில், தூண்டில்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவது அவர் தொழில். அகலமான தட்டைப் படகு. துறையிலிருந்து பாதி தூரம் இஞ்சின் ஓடும். அப்புறம் அதை அணைத்துவிட்டு, பின்புறப் பலகையில் ஏறி நின்று கம்பை ஊன்றித் தள்ளுவார். கம்பு தண்ணீருக்குள் இறங்கும்போதும் சத்தமில்லை, ஏறும்போதும் சத்தமில்லை.

தூண்டில் பிடிக்கவே தெரியாதவர்களை ஏற்ற மாட்டார். "கத்துக்க வர்றவங்களுக்கு அந்தப் பக்கம் ரெண்டு படகு இருக்கு. நம்மது கத்துக்கிட்டவங்களுக்கு" என்பார். ஆனால் உலகத்தில் கத்துக்கிட்டவர்களைப் போலத் தொல்லை பிடித்த ஜாதி வேறு கிடையாது. எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். இருபது வருடமாகத் தூண்டில் போடுகிறேன் என்று அலட்டிக்கொண்டேன். அக்கா துறையில் முப்பது அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, "அதுக்குள்ள போடுங்க" என்றார். என் பொய் இரை பேசினைத் தாண்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டில் போய் மாட்டியது. "துண்டு நல்ல பெரிசு சார், நாலு கிலோ வரும்" என்றார் அவர் வீட்டுக்காரர். அசடு வழிந்துகொண்டு கொக்கியைக் கழற்றினேன்.

இந்த வீட்டுக்காரர் ஒரு தனிப் பிறவி. இஞ்சின் மெக்கானிக். அக்காவின் இஞ்சின் இருமினால் போதும், கரையில் இருந்தபடியே என்ன கோளாறு என்று சொல்வார். ஆனால் படகில் கால் வைக்க மாட்டார். வைத்தால் தலை சுற்றும், வாந்தி வரும். முப்பது வருடமாகப் பெண்டாட்டி தினமும் போய்வரும் இடம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. "அவ வந்து சொல்லுவா, நான் கேட்டுக்குவேன். டி.வி. எதுக்கு?" என்கிறார். ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டித் தருவது அவர்தான். அக்கா அதைப் பிரித்து, உப்பு கம்மி என்று தினமும் ஒரு வசவு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

அக்கா கணவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே தன் மீன் இடங்களுக்கெல்லாம் வீட்டு அறைகளின் பெயரை வைத்திருக்கிறார். கூட்டமாய்ச் சின்ன மீன் திரிவது சமையல்கட்டு. தண்ணீர் படிபடியாய் இறங்குவது மாடிப்படி. எல்லாப் படகும் வந்துபோவது ஹால். கடைசியாக ஒன்று உண்டு, மாமியார் ரூம். "ஏன் அந்தப் பேரு?" என்று கேட்டேன். "உள்ள போறப்ப செருப்பு சத்தம்கூடக் கேக்கக் கூடாது. கேட்டா அன்னிக்கு முழுக்க நமக்கு நல்லது நடக்காது" என்றார். கரையில் இருந்த வீட்டுக்காரர், "எங்கம்மா அவ்வளவு மோசமில்ல" என்று முனகினார்.

மாமியார் ரூம் என்பது மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு குளம். படகு உரசாமல் நுழையும் அளவுக்கே வாய். இரண்டு பக்கமும் கத்திபோன்ற சிப்பிப் பாறை. தண்ணீர் ஏறும்போது இரண்டு மணி நேரம் மட்டும் உள்ளே போகலாம். வயதான பெரிய கொடுவா மீன்கள் வந்து ஓய்வெடுக்கும் இடம் அது. பிடித்தால் தண்ணீருக்குள்ளேயே வைத்து அளந்து, கொக்கியைக் கழற்றி விட்டுவிட வேண்டும். அது அக்காவின் சட்டம். அவரைத் தேடித் தூரத்திலிருந்து ஆட்கள் வருவது அந்த ஒரு குளத்துக்காகத்தான். அது காலியானால் அக்காவின் படகும் காலி. அப்படி ஆகக்கூடியதுதான். ஹால் ஒரு காலத்தில் இதைவிட நல்ல இடமாம். யாரோ ஒருநாள் இஞ்சினோடு நுழைந்து சேற்றைக் கலக்கினார்கள். "ஒரே ஒரு இஞ்சின் சார். மூணு வருஷம் ஒரு பெரிய மீனு எட்டிப் பாக்கல" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கிண்டல் இல்லை.

வழி வெளியே தெரியக் கூடாது என்பதால்தான் படகில் ஏறியதும் ஒரு தகர டப்பா சுற்றி வரும். எல்லாரும் போனை அணைத்து அதில் போட வேண்டும். படம் எடுக்க அக்காவே ஒரு பழைய கேமரா வைத்திருக்கிறார். படத்தில் மீனும் ஆளின் பல்லும் தெரியும். பின்னால் ஒரு மரம்கூடத் தெரியாது. பெரிய நீதிபதி ஒருவர் போனைத் தர மறுத்தாராம். "அப்ப ரெண்டு பேரும் கரையிலயே இருங்க, நீங்களும் போனும்" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பிவிட்டாராம்.

இவ்வளவு கட்டுக்காவலும் ஒரு கைக்கடிகாரத்தில் உடைந்தது.

அக்காவிடம் பத்து வருடமாக வரும் பல் டாக்டர் ஒருவர். நிறைய பேச்சு, நல்ல மனசு, பேசினுக்குள் பத்துக்குப் பத்து போடுகிறவர். மகள் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருநாள் மாமியார் ரூமுக்குப் போய்வந்திருக்கிறார். அது நாடி பார்க்கும், நடந்த தூரம் சொல்லும், போகிற வழியை எல்லாம் தானே கோடு போட்டு வைத்துக்கொள்ளும். காலை நடைக்காக அவர் செய்துவைத்த ஏற்பாட்டின்படி, அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தக் கோட்டைத் தூண்டில் நண்பர்கள் எழுபது பேருக்குத் தானே அனுப்பியும்விட்டது. டாக்டர் கவனித்தது மூன்று நாள் கழித்து. தூண்டில் தெரியாத ஆளாக இருந்தால் பரவாயில்லை, அந்தக் கோடு என்னவென்றே யாருக்கும் புரிந்திருக்காது. எழுபது பேரும் விஷயம் தெரிந்தவர்கள்.

நான் மூன்றாம் முறை போன சனிக்கிழமை காலை, டாக்டர் துறையில் வெறும் மணிக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். பத்து வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அக்கா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

வீட்டுக்காரர்தான் பொரிந்தார். "பத்து வருஷமா எங்க வீட்டுத் தண்ணி குடிச்சிருக்கீங்களே டாக்டர்! இப்படியா தலையில கல்லத் தூக்கிப் போடுவீங்க?"

"அவரு தெரிஞ்சா செஞ்சாரு? விடுங்க" என்றார் அக்கா. பிறகு டாக்டரைப் பார்த்து, "போன மட்டும் கேட்டேன், கடிகாரத்தக் கேக்கல. எனக்குத் தோணல. ஏறுங்க சார், தண்ணி ஏறுது" என்றார். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

இஞ்சினை அணைத்து, அக்கா கம்பை எடுத்து, கடைசி வளைவில் திரும்பியதும் சத்தம் கேட்டது. திறந்த நீர்ப் பக்கமிருந்து மூன்று படகுகள் மாமியார் ரூமின் வாயை நோக்கி வந்துகொண்டிருந்தன. மூன்றிலும் இஞ்சின். முன்னால் நின்றவர் கையில் போனை வைத்துக்கொண்டு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பேசாம நில்லுங்க" என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "சிப்பி மேல ஏறட்டும். இஞ்சின் விசிறி ஒடஞ்சு நிக்கட்டும். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வர மாட்டானுங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒளிப்பானேன், சொல்லியே விடுகிறேன்: அவர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க ஆசையாகவே இருந்தது.

"மாட்டுறதுக்குள்ள உள்ள கலக்கிருவாங்க சார்" என்றார் அக்கா. கம்பை ஓங்கி ஊன்றினார். அவர் கம்பிலிருந்து தண்ணீர் தெறித்ததை அன்றுதான் பார்த்தேன். நாலே தள்ளலில் படகு பறந்தது. மூன்று படகுகளுக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து, வாயை அடைத்தபடி குறுக்கே நிறுத்தினார்.

முதல் படகு தடுமாறி வேகம் குறைந்தது. "என்னம்மா, வழிய மறிக்கிறீங்க? இது என்ன உங்க எடமா?" என்று கத்தினார் போன்காரர்.

"இல்ல சார்" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "யாரு எடமும் இல்ல. உள்ள பெரிய மீனு படுத்திருக்கு. இஞ்சின் சத்தம் கேட்டா இன்னிக்கே போயிரும், திரும்ப வராது. அப்புறம் எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல."

போன்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் இஞ்சின் நின்றது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. மூன்றாவதில் இருந்தவருக்குக் காதில் விழவில்லை போல. மற்ற இரண்டு படகிலிருந்தும் கையைக் காட்டி அதட்டியதும் அதுவும் நின்றது. இலைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறும் சலசலப்பு கேட்க ஆரம்பித்தது.

"எங்ககிட்ட கம்பு இல்லையேம்மா" என்றார் போன்காரர், இப்போது தணிந்த குரலில். "துடுப்பும் இல்ல. எப்படிப் போறது?"

அக்கா மரங்களுக்குப் பின்னால் தெரிந்த அந்தக் கலங்காத நீரை ஒரு தரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு படகின் மூக்கை வாய்ப்பக்கம் திருப்பினார். காலடியில் சுருண்டு கிடந்த கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் படகின் பின்புறம் இறுக்கிக் கட்டினார். "ஒருத்தர் பின்னால ஒருத்தர் கட்டிக்குங்க, பேச்சில்லாம வாங்க" என்று சொல்லி, மறுமுனையை முதல் படகுக்கு வீசினார்.