டிக்கெட் வாங்கிப் பார்த்த யானை

நான் குடியிருக்கும் டொரோண்டோத் தெருவில் வாசல் கதவைப் பூட்ட மறந்து தூங்குகிறவர்கள் உண்டு. குப்பைத்தொட்டியைப் பூட்ட மறக்கிறவர்கள் இல்லை. ரக்கூன் என்று ஒரு பிராணி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, கண்ணைச் சுற்றிக் கள்வனுக்குக் கட்டியது போலக் கறுப்புப் பட்டி. அதற்குப் பயந்துதான் தொட்டி மூடிக்கெல்லாம் கொளுவி. எங்கள் ஊர் உன்னிச்சையிலிருந்து வந்திருந்த என் அக்கா பாக்கியம் இதைக் கண்ட அன்று வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"இந்தப் பூனைக்கா மனே இவ்வளவு காவல்?"

தம்பியானாலும் நான் அவளுக்கு 'மனே', மகன்தான். அவள் சிரிக்கலாம். அவளுடைய குசினிச் சுவரை யானை இரண்டு தடவை இடித்திருக்கிறது. நெல் மூட்டையின் வாசம் பிடித்துக்கொண்டு வரும். சுவரைத் தள்ளும், மூட்டையை இழுக்கும், போய்விடும். விடிந்ததும் நாங்கள் கல்லைப் பொறுக்கி மறுபடி கட்டுவோம். வயல்வெளி வட்டையில் கதிர் முற்றிவிட்டால் பொழுதுபட முன்னமே வயல் காவலுக்குப் பரண் ஏறிவிட வேண்டும். மற்றவர்கள் வெடி கொளுத்துவார்கள், தகரம் அடிப்பார்கள். அக்காவுக்குத் தொண்டை போதும். "போ ராசா, உன்ட வழிய போ" என்று நீட்டி ஒரு சத்தம் வைப்பாள். யானை நின்று காதை ஆட்டும், பிறகு பெரும்பாலும் காட்டுப் பக்கம் திரும்பும். அது திரும்பாத நாட்களில் நாங்கள் திரும்பி ஓடுவோம். அத்தான் செத்த பிறகும் அவள் அந்த வயலை விடவில்லை. விட்டவன் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், பிறகு வயலை, பிறகு நாட்டை. கட்டாரில் கம்பி வளைத்தேன், மலேசியாவில் கோழி உரித்தேன், இங்கே குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறேன்.

அக்காவின் ஒரே மகள் சுமதி கைக்குழந்தையோடு இங்கே இருக்கிறாள். வயலை விற்றுவிட்டுத் தாய் தன்னோடு தங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. தாயைக் கேட்டால் "பாப்பம்" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. "மாமா, நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பா" என்று சுமதி பொறுப்பை என்னிடம் தந்தாள். எனக்கும் அக்கா கண்முன்னே இருப்பது பிடித்துத்தான் இருந்தது. இந்த நாட்டில் அவளுக்குப் பழகிய முகம் ஏதாவது இருந்தால் மனம் இளகும் என்று கணக்குப் போட்டேன். நகரத்துக்கு வெளியே ஒரு வனவிலங்குப் பூங்காவில் யானை நிற்பதாக ஏறாவூர் ரபீக் சொன்னான். கட்டாரில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன், இங்கே டாக்சி ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே காரைக் கொண்டு வந்தான்.

"ஆனைக்குப் பயந்து ஓடின ஆக்கள் இப்ப ஆனையத் தேடிப் போறம். நமக்கு நல்ல மண்டை மச்சான்," என்றான்.

பெருந்தெருவில் நத்தை வேகத்தில் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தோம். வாசலுக்குள் நுழைய முன்னம் அக்கா நின்றாள். ஓரத்து மேப்பிள் மரத்தில் ஒரு சின்ன இலைக் குழையை முறித்தாள். வேலிக் கட்டை இடுக்கில் அதைச் செருகி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் கால்வைக்கும் முன் எல்லாரும் செய்வதுதான். பிள்ளையாருக்குக் குழை போட்டு உத்தரவு கேட்பது. பூங்காச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி ஓடிவந்தாள். மிருகங்களுக்குத் தீனி போடக்கூடாது என்றாள். தீனி இல்லை, உள்ளே போக 'பெர்மிஷன்' கேட்கிறோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எங்கள் கையைப் பார்த்துக் குழம்பினாள். உங்களிடம்தான் டிக்கெட் இருக்கிறதே என்றாள்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"டிக்கட் இரிந்தாப் போதுமாம்."

"அது ஆனைக்குத் தெரியுமா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண் குழையைப் பக்குவமாக எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அந்தத் தொட்டிக்கும் கொளுவி இருந்தது.

யானை ஒரு அகழிக்கு அப்பால் புல்தரையில் நின்றது. பெயர் டெய்சி என்று பலகை சொன்னது. பிள்ளைகள் ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டு பார்த்தார்கள். அக்கா அகழி விளிம்புவரை போனாள். பிறகு, பழக்கமோ என்னவோ, கையை வாயருகே குவித்து அந்தச் சத்தத்தை வைத்தாள். "போ ராசா, உன்ட வழிய போ!"

சனம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. யானையும் திரும்பியது. காதை விரித்தது. பிறகு துதிக்கையை நீட்டிக்கொண்டு நேரே எங்களை நோக்கி நடந்து வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். உங்களை அதற்குப் பிடித்துவிட்டது என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் அக்காவைப் பாராட்டினார்.

அக்காவின் கை கீழே இறங்கிவிட்டது. "போகச் சொன்னா வருகுதே," என்றாள்.

"அது இங்கத்தய ஆனை, அக்கா. தமிழ் விளங்கா," என்றான் ரபீக்.

"தமிழ் என்னத்துக்கு தம்பி? போறதுக்கு ஒரு இடம் இரிந்தா விளங்கும்."

திரும்பும் வழியில் நான் என் வேலையைத் தொடங்கினேன். "இஞ்ச இரி அக்கா. சுவரிடிக்க ஒண்டும் வராது. நேரத்துக்குச் சாப்பாடு. வருத்தமெண்டா உடன டாக்குத்தர். குளிருக்குச் சூடு போட்ட வீடு..." சொல்லச் சொல்ல எனக்கே எங்கோ இடித்தது. கண்ணாடியில் ரபீக்கின் மீசை சிரித்தது.

"ஓம் மனே," என்றாள் அக்கா. "அதுக்கும் அப்பிடித்தானே குடுக்கிறாங்க."

கதிர் முற்ற முன்னம் அவள் போய்விட்டாள். விமான நிலையத்தில் பேரப்பிள்ளையைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள், அழுதாள், போனாள். சுமதி கொஞ்ச நாள் என் தொலைபேசியை எடுக்கவில்லை.

போன கிழமை ஒரு காலை, தேத்தண்ணியோடு குசினியில் இருந்து அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே பொழுது சாய்கிற நேரம், அவள் பரணில். பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்று விசாரித்தவள் சட்டென்று, "பொறு தம்பி," என்றாள். தூரத்தில் யாரோ தகரம் அடிப்பது கேட்டது. பிறகு காதைப் பிளந்துகொண்டு அந்தச் சத்தம்: "போ ராசா, உன்ட வழிய போ!"

சற்று நேரத்தில், "திரும்பிற்று," என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் அதைச் சொன்னபோது நான் கதிரையில் உட்கார்ந்திருக்கவில்லை. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. தொலைபேசி காதில் இருக்க, சத்தம் வெளியிலிருந்து வந்தது போல மற்றக் கையை முன்னே நீட்டியபடி, பூட்டிய ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.