மலையைப் பார்த்த ஆண்டெனா

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் 'பாதை வேறுபாடு' என்று ஒரு சொல் வரும். ஒரே இடத்தில் புறப்பட்ட இரண்டு அலைகள் வெவ்வேறு வழியாக வந்து ஓரிடத்தில் சேரும்போது, ஒன்று மற்றதைவிட எவ்வளவு தூரம் கூடுதலாக வந்திருக்கிறது என்பதுதான் அது. வகுப்பில் பாதிப் பேர் அதை நெட்டுருப் போட்டார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. எங்கள் வீட்டு டிவியில் அது தினமும் தெரிந்தது.

திருவண்ணாமலையில் எங்கள் தெரு ஆண்டெனாக்கள் எல்லாம் சென்னை இருக்கும் வடகிழக்கைப் பார்த்து நிற்கும். எங்களுடையது மட்டும் மேற்கே மலையைப் பார்க்கும். அப்பாவின் உத்தரவு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை, கையில் எப்போதும் செய்தித்தாள், ஆனால் மலை விஷயத்தில் மனிதர் பிடித்த பிடியை விடமாட்டார். வீட்டில் யாரும் மலைப் பக்கம் கால் நீட்டிப் படுக்கக் கூடாது. "அண்ணாமலையாருக்கு முதுகக் காட்டிகினு நம்ம வூட்டு மேல ஒரு கம்பி நிக்கணுமா?" என்பார்.

ஆகவே, சென்னையிலிருந்து வந்த அலை ஆண்டெனாவின் முதுகுப் பக்கமாகக் கொஞ்சம் நுழையும். அதே அலை எங்களைத் தாண்டிப் போய், மலையில் மோதித் திரும்பி, தாமதமாக முன்பக்கம் வரும். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவரே இன்னொரு முறை மங்கலாக உட்கார்ந்திருப்பார். நான் காகிதத்தில் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ மலையே நமக்கு அனுப்புதுன்னு சொல்லு," என்றார்.

பிற்பாடு கேபிள் வந்தது. முகத்தில் இருக்கும் மரு வரை தெரிந்தது. எனக்கு அந்த இரட்டைப் படத்தை நினைத்தால்தான் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

கேபிள் வருவதற்கு முன்னால் நடந்தது இது. அக்கா சென்னையில் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு அப்போது இரண்டு வருடம். அப்பா அவள் பேரை எடுப்பதில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, வரும் ஞாயிறு காலை தன் ஆபீஸ் பெண்கள் டிவியில் பாடுவதாகவும், தானும் அதில் இருப்பதாகவும் சொன்னாள். அம்மாவுக்கு மகள் முகத்தை ஒரு தடவை தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கலாம்தான், ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? அப்பாவின் காதில் விழும்படி அம்மா விஷயத்தை என்னிடம் சொன்னாள். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து, விபூதி பூசிக்கொண்டு மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோச்சிக்காதப்பா, அரை மணி நேரந்தான்," என்றார். பிறகு கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சென்னைப் பக்கம் திருகினார்.

"நீ கீழ போ. தெரியுதான்னு சொல்லு."

ஓடினேன். இரட்டை போய்விட்டது. அந்தப் பெட்டியில் அவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது வரிசையில், ஓரத்தில், அக்கா. அம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியுதுப்பா! எறங்கி வாங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"போல்ட்டு துரு புடிச்சி கெடக்குது, இறுக மாட்டேங்குது. கைய வுட்டா திரும்பிடும்."

"நான் வந்து புடிச்சிக்கிறேம்பா."

"வேணாம். நீ பாரு."

பிறகு மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

"எளைச்சிருக்காளா?"

"இல்லப்பா."

"பூ வெச்சிருக்காளா?"

"ஜாஸ்தியாவே வெச்சிருக்கா."

பாட்டு முடியும்வரை அப்பா கம்பத்தை விடவில்லை. முடிந்ததும் ஆண்டெனா மறுபடி மலையைப் பார்த்தது. திரையில் எல்லாரும் பழையபடி இரண்டிரண்டு பேரானார்கள். உள்ளங்கை நிறையத் துருவோடு இறங்கி வந்தவருக்கு அம்மா சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டே, எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்.

"தீபத்துக்கு வரச் சொல்லு. ரெண்டு பேரையும்."