காய்க்காத பேரிக்காய் மரம்

பேரிக்காய்ப் பூவின் வாசம் இனிமையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முந்தின நாள் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிய இடம் போல அது நாறும். தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயத்தின் பின்பக்கம் நின்ற மரம் வருடம் தவறாமல் வெள்ளை வெளேரென்று பூத்து, லயம் முழுவதையும் நாறடித்துவிட்டு, ஒரு பிஞ்சுகூட வைக்காமல் சும்மா நிற்கும்.

அட்டனில் ஆங்கிலம் கற்பிக்கிற நான் ‘புரொடக்டிவ்’ என்ற சொல்லை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் அந்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது. விளைகிற நிலத்துக்கும், நன்றாக வேலை நடந்த நாளுக்கும், சளியோடு வருகிற இருமலுக்கும் அதே சொல்தான் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் அதை லயத்தில் கேட்டிருக்கிறேன். துரையின் வாயிலிருந்து கங்காணியின் வாய்க்கு வந்து சேர்ந்த சொல் அது. கொழுந்து நிறையக் கொடுக்கிற மலை ‘புரொடக்டிவ்’. அதற்கு உரம் கிடைக்கும். கொடுக்காத மலை கவனிப்பாரில்லாமல் காடாகிவிடும். கொஞ்ச நாளில் முட்டையிடாத கோழி, பால் வற்றிய பசு, வேலைக்குப் போகாத மருமகன் என்று எல்லாரையும் நாங்கள் அந்தச் சொல்லாலேயே நிறுக்க ஆரம்பித்தோம்.

அடுத்த அறையில், லயத்துப் பேச்சில் ‘காம்பரா’வில், அம்மாவின் தங்கை, என் சித்தி, இருந்தார். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. சித்தப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தலையை ஒரே வீச்சில் சீவுவார், வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். ஒரு பொங்கலுக்கு அவருடைய அக்கா, எங்களுக்கு அத்தை, வலப்பனையிலிருந்து வந்தார். வந்த அன்றே, நானுஓயாப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகவும் தம்பி தலையசைத்தால் போதும் என்றும் பேச்சை எடுத்தார்.

“இவளும் நம்ம பழைய மலை மாதிரிதான், புரொடக்டிவ் இல்ல” என்று அத்தை சொன்னபோது, சித்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சித்தப்பா தேநீரைக் குடித்து முடித்தார். எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது. சித்தியை அனுப்பிவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

காய்க்காத மரத்தை மிரட்டுகிற வழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு. ஒருவர் வெட்டப்போவதாகக் கத்தியை ஓங்குவார். இன்னொருவர் குறுக்கே நின்று, ‘விட்டுருங்க, வர்ற வருசம் காய்ச்சிரும்’ என்று மரத்துக்காகக் கெஞ்சுவார். மாட்டுப்பொங்கல் காலையில் அத்தை தம்பியின் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து, கெஞ்சுவதற்குச் சித்தியை நிறுத்தினார். மரத்தைச் சாக்கிட்டுச் சித்தியை யாரிடம் தவணை கேட்கவைக்கிறார் என்பது பிள்ளைகளான எங்களுக்கே விளங்கிற்று.

சித்தப்பா கத்தியை ஓங்கினார். சித்தி மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, சொல்லவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

“காய்க்காட்டியும் நிக்கட்டும், அண்ணி.”

அப்படிச் சொல்லக் கூடாது, மரத்துக்குக் காது உண்டு என்று அத்தை பதறினார். சித்தப்பா கத்தியைக் கூரையில் சொருகினார். உள்ளே போய்க் கயிற்றை எடுத்துவந்து, மரத்துக்கும் லயத்துத் தூணுக்கும் இடையே கொடி கட்டி, சித்தியின் ஈரச் சேலையைத் தன் கையாலேயே காயப்போட்டார். ஊரே பார்க்க ஓர் ஆம்பிளை சேலை காயப்போட்டதை எங்கள் லயம் அதுவரை கண்டதில்லை. அத்தை மறுநாள் பஸ் ஏறினார். அந்தப் பெண் பேச்சு பிறகு எழவேயில்லை.

இப்போது அந்த லயம் இல்லை. தனிவீடுகளுக்கு ரோடு வெட்டியபோது, கடைசிவரை காய்க்காத அந்த மரமும் போய்விட்டது. சித்திக்கும் பிள்ளை பிறக்கவில்லை. போன பொங்கலுக்கு அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். புது வீட்டு வாசலில் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே துணிக்கம்பி கட்டியிருந்தது. கம்பத்தடியில் ஏதோ ஒரு கன்றை ஊன்றி, சித்தப்பா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், காய்க்குமா என்று கேட்டுவிட்டேன்.

சேலையை உதறிக்கொண்டிருந்த சித்தியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார் சித்தப்பா.

“அத யாரு கேட்டா?” என்றார்.