குற்றவியலுக்கு இருபது பேர்

கல்லூரி அட்மிஷன் மேசையில் உட்காருகிறவர்களுக்கு மே மாதத்தில் தொண்டை போகும், ஜூனில் தூக்கம் போகும். பாலிசி பிடிப்பவர்களே, சீட்டுக்கு ஆள் சேர்ப்பவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். திண்டிவனம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் குற்றவியல் பி.ஏ.வுக்குப் பாடம் எடுத்தேன். லீவில் அதற்கு ஆளும் பிடித்தேன். போன வருஷம் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது: இருபது பேர் சேர்ந்தால் பாடம் இருக்கும், நானும் இருப்பேன்.

இரண்டு விரல்

இதைப் படித்தால் நேராகக் காக்கிச் சட்டைதான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. கான்ஸ்டபிளுக்குப் பத்தாவது போதும், எஸ்.ஐ. பரீட்சைக்கு எந்த டிகிரியும் செல்லும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மூன்று வருஷம் ஃபீஸ் கட்டிப் படித்த ஒரு பையன், உயரம் போதாமல் போலீஸ் தேர்வு மைதானத்திலிருந்து திரும்பி வந்து என் முன்னால் அழுதான். அன்றிலிருந்து, விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி டேப் பிடிப்பேன்.

மேல்மலையனூரிலிருந்து வந்த ஒருவருடைய மகனுக்கு இரண்டு விரல் உயரம் குறைந்தது. அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். செருப்போடு நிற்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி கேட்டார்: "மூணு வருஷம் இங்கதான படிக்கப்போறான், அதுக்குள்ள வளந்துட மாட்டானா மேடம்?"

நோட்டீஸ்

அப்பா கேட்கவில்லை, ஃபீஸ் கட்டிவிட்டார். அவனையும் சேர்த்துப் பதினொன்று. கல்லூரி நோட்டீஸில் போலீஸ் உடையில் ஒரு பையன் விறைப்பாக நிற்பான். படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அந்தத் தொப்பியையாவது எடுத்துவிடலாம் என்று முதல்வரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொப்பிய எடுத்துட்டா அந்தப் படத்துல வேற என்னம்மா இருக்குது?"

துபாயிலிருந்து

கோட்டக்குப்பத்துப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். பேசியதெல்லாம் துபாயில் இருக்கும் அண்ணன், அம்மா கையிலிருந்த போனில். படித்து முடித்தால் என்ன வேலை என்று கேட்டார். பெரிய கடைகளில், கம்பெனிகளில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆகலாம் என்றேன், என் குரல் எனக்கே பிடிக்காமல். எவ்வளவு வரும் என்றார். சொன்னேன். "நான் எட்டாவதோட நின்னுட்டு இங்க செக்யூரிட்டியா கேட்டுல நின்னுக்கினு இருக்கேன் மேடம். அவன மூணு வருஷம் படிக்க வெச்சும் கேட்டுலதான் நிறுத்தணுமா?"

வளவனூர் அம்மா

ஜூன் கடைசியில் கணக்கு பத்தொன்பதில் நின்றது. அப்போதுதான் வளவனூரிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேர்க்கடலை பிடுங்கும் கூலி வேலை. முதல் வருஷ ஃபீஸுக்குக் கறவை மாட்டை விலை பேசி வைத்திருந்தார். பெண் நல்ல உயரம், டேப்புக்கு வேலையே இல்லை. எஸ்.ஐ. ஆகிறதுதான் ஆசை. விண்ணப்பத்தை எடுத்து நீட்டிவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "நீங்களும் இதத்தான படிச்சீங்க மேடம்? உங்களுக்கு எவ்ளோ சம்பளம்?"

பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு மடங்காகச் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. இருப்பதைச் சொன்னேன். விழுப்புரம் அரசுக் கல்லூரியில் எந்தப் பாடம் கிடைத்தாலும் சேர், அதே பரீட்சையை எழுதலாம், மாட்டை விற்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை நிஜமான இரக்கத்தோடு பார்த்தார். "எங்க ஊருல மல்லாட்டை புடுங்க வந்தா இதவிட கூட வரும் மேடம், மதியம் சோறும் போடுவாங்க, வர்றீங்களா?"

பத்தொன்பது பேரையும் வேறு வகுப்புகளுக்கு அனுப்பினார்கள், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது போகிற இன்டர்வியூவில் எல்லாம், இவ்வளவு படித்துவிட்டு ஏன் போலீஸில் சேரவில்லை என்றுதான் கேட்கிறார்கள்.