தப்பு டிரைவர் மேலா, என் மேலா?

கேபிள் டி.வி. நடத்துகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஊர் முழுக்க அன்றைக்குத்தான் டி.வி. முன்னால் உட்காரும். தொண்ணூறுகளின் கடைசியில் தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையைக் கன்ட்ரோல் ரூமாக வைத்துத் தொழில் செய்தேன். 'கேபிள்' செல்வம் என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். ஆனால் அவர்களுக்கெல்லாம் இல்லாத ஒரு கூடுதல் தொல்லை எனக்கு இருந்தது. அதன் பெயர் கார் ரேஸ்.

ஞாயிறு சாயங்காலம் ரேஸ் ஆரம்பிக்கும் நேரத்தில்தான் இன்னொரு சேனலில் தமிழ்ப் படம் ஓடும். வீட்டில் ரிமோட் கிடைக்காத மூன்று பேர் என் மாடிக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் மிஷன் ஸ்கூலில் கணக்குச் சொல்லித்தரும் சேவியர் சார். அவர் சிவப்புக் கார்க் கட்சி. அடுத்தவர் சுங்குடிச் சேலை வியாபாரி சாந்தாராம். அவர் வெள்ளிக் கலர்க் கார்க் கட்சி. மூன்றாவது ஆள் பாண்டி, தனியார் பஸ் டிரைவர். அவனுக்குக் கட்சி கிடையாது. எந்தக் கார் எங்கே போய் முட்டினாலும் ஓட்டியவன் பக்கம் பேசுவான்.

எந்த ஊருக்குப் போகுது?

ரிமோட்டை விட்டுக்கொடுக்காத ஆண்களும் தெருவில் இருந்தார்கள். அப்படி ஒருவரின் மனைவி ரேவதி அக்கா ஒருநாள் படியேறி வந்தார். படம் பாதியில் இருக்கும்போது வீட்டுக்காரர் ரேஸுக்கு மாற்றிவிடுகிறாராம். தங்கள் வீட்டுக்கு மட்டும் அந்தச் சேனலை வெட்டிவிட வேண்டும் என்றார். ஒரே வயரில் எல்லாச் சேனலும் வருகிறது, ஒன்றை மட்டும் வெட்ட முடியாது என்று விளக்கினேன்.

அவர் உடனே போய்விடவில்லை. அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று நின்று பார்த்தார். கார்கள் ஒரு சுற்று வந்தன. இன்னொரு சுற்று வந்தன. சேவியர் சார் மரியாதையாக எழுந்து, யார் முன்னால் போகிறார், யார் பின்னால் வருகிறார் என்று பாடம் நடத்தினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ரேவதி அக்கா படியிறங்கும்போது சொன்னார்: "கெளம்புன எடத்துக்கே திரும்பி வாறதுக்கு எதுக்கு சார் இம்புட்டு அவசரம்?"

டீயின் குற்றம்

சாந்தாராம் ராசி பார்க்கிற ஆள். இன்ன நாற்காலியில் உட்கார்ந்தால் வெள்ளிக் கார் ஜெயிக்கும், கால் மேல் கால் போட்டால் பஞ்சராகும் என்று அவருக்கு ஒரு சாஸ்திரமே உண்டு. ஒருநாள் அவருடைய கார் வெகு தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ரேஸ் முடியப் போகிறது. கீழே கடையிலிருந்து வந்த டீயை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சாந்தாராம் கிளாஸைக் கையில் வாங்கிய அதே நேரம் வெள்ளிக் காரின் பின்பக்கம் குபுகுபுவென்று புகை. கார் ஓரம் கட்டிவிட்டது.

"இஞ்சினை விரட்டு விரட்டுன்னு விரட்டினா வேற என்ன ஆகும்? டிரைவர் தப்பு" என்றார் சேவியர் சார். "வண்டியை ரெடி பண்ணுனவன் ஒழுங்காப் பண்ணல. ஓட்டுறவன் என்ன சார் செய்வான்?" என்றான் பாண்டி. இருவரும் குரல் உயர்த்தி வாதாடி ஓய்ந்தார்கள். சாந்தாராம், குடிக்காத டீயை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவங்க ரெண்டு பேரையும் சொல்லிக் குத்தமில்ல. நல்லா ஓடிக்கிட்டிருந்த நேரத்துல நீங்க எதுக்குண்ணே டீயக் குடுத்தீங்க?"

போச்சு போச்சு

இன்னொரு ஞாயிறு நல்ல காற்று. டிஷ் திரும்பிவிட்டது, படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மொட்டை மாடிக்கு ஓடி, டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, "வருதா?" என்று கத்தினேன். "வருது, வருது" என்று கீழேயிருந்து மூன்று குரல். திருகாணியை முடுக்கப் போகும்போது, "போச்சு, போச்சு" என்று அலறினார்கள். படம் போய்விட்டதாக்கும் என்று டிஷ்ஷை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அலறல் கூடியது. மறுபடி திருப்பினேன். கீழே இறங்கி வந்தால் திரையில் ஒன்றுமே இல்லை.

போனது படமில்லையாம். கடைசிச் சுற்றில் சிவப்புக் கார் மணலில் போய்ச் செருகிக்கொண்டதற்குத்தான் அந்தப் "போச்சு". அதற்குப் பிறகு யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கவிடாமல் நான் செய்துவிட்டேன். கார் விவகாரத்தை அப்படியே விட்டுவிட்டு என்னை விசாரிக்க ஆரம்பித்தார்கள். பாண்டி வழக்கம்போல எனக்கு வக்காலத்து வாங்கினான். மேலே இருக்கிறவனுக்குக் கீழே நடப்பது எப்படித் தெரியும், கண்டக்டர் தப்பாக விசில் கொடுத்தால் டிரைவரா பொறுப்பு என்று கேட்டான். சேவியர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார்: "டிஷ்ஷைப் பிடிச்சிருந்தது செல்வத்தோட கை. அப்பத் தப்பும் செல்வத்தோடதுதான்."

பள்ளத்தில் பஸ்

பாண்டி ஓட்டியது மாட்டுத்தாவணியிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ். ஒருநாள் திருமங்கலம் தாண்டியதும் பக்கத்து மண்பாதையிலிருந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று கை காட்டாமல் ரோட்டில் ஏறிவிட்டது. பாண்டி பஸ்ஸை இடது பக்கம் ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினான். பஸ் சாய்ந்து நின்றது. சிலருக்குச் சிராய்ப்பு, ஒருவருக்குக் கையில் கட்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்தவர்களில் பலர் டிரைவர்தான் கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தார். விபத்தைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டவனை வேறு எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? பாண்டி ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி என்னிடம் சொன்னாள்.

முதலாளியைப் பார்க்கத் துணைக்கு நானும் போனேன். அங்கே ஏற்கெனவே சேவியர் சார் உட்கார்ந்திருந்தார். ஒரு கல்யாணத்துக்காகக் கல்லுப்பட்டிக்குப் போக அன்றைக்கு அதே பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே இருந்தாராம். நெற்றியில் பிளாஸ்திரி. பாண்டி என்னைப் பார்த்தான். "மாப்ள, முடிஞ்சுச்சு" என்று முணுமுணுத்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டிரைவரைக் குற்றவாளி என்று சொல்லாமல் ஒரு ஞாயிறு கூட என் மாடியை விட்டு இறங்காத மனுஷன் அவர்.

சேவியர் சார் முதலாளியின் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து டிராக்டர் என்றார். பேனா ஸ்டாண்டு பஸ். எதிரே இரண்டு குண்டூசி டப்பாக்களை வைத்து, சைக்கிளில் வந்த இரண்டு பேர் என்றார். "வேகம் கொஞ்சம் கூடத்தான். அதுக்கு நீங்க திட்டுங்க. ஆனா டிராக்டர் வந்த பிறகு அவருக்கு இருந்தது மூணே வழி. நேராப் போனா டிராக்டர், வலது பக்கம் ஒடிச்சா இந்த ரெண்டு பேர். யோசிக்க நேரமே இல்லாதப்ப யாரும் சாகாத வழியில இறக்கியிருக்காரு. அது தப்பில்ல, சார்." முதலாளி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேகத்துக்காக நன்றாகத் திட்டிவிட்டு, மறுநாள் டூட்டிக்கு வரச் சொன்னார்.

வெளியே டீக்கடையில் பாண்டி கொதிக்கிற டீயை அப்படியே வாயில் வைக்கப் போனான். சேவியர் சார் கிளாஸை வாங்கிக் கீழே வைத்து, ஆறட்டும் என்றார். அப்புறம் பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்: "மாப்ள, சார் வாயில இருந்து 'டிரைவர் மேல தப்பில்ல'ன்னு வர வைக்கிறதுக்கு, நான் பஸ்ஸப் பள்ளத்துல எறக்க வேண்டியதாப் போச்சு."

கேபிள் தொழிலில் நான் கட்டின வீடு சின்னதுதான், ஆனால் உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கார் கவிழ்ந்தாலும் அதற்குப் பதில் சொல்கிற பெரிய பொறுப்பு தல்லாகுளத்தில் எனக்கு மட்டும்தான் இருந்தது.