வெள்ளை தெரியப் பூசியவர்

காஜா பெராங் என்ற மலாய் ஊரில் நான் முடிதிருத்தும் கடை வைத்திருந்தபோது, தார் ரோட்டு வேலைக்குப் போகும் ஒருவர் தினமும் காலையில் என் கண்ணாடியைத் தேடி வருவார். நெடிய, கறுத்த மனிதர். முகத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள். அங்கே வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த துத்தநாகக் களிம்பை மூக்கு, கன்னம், காது மடல் வரை ஓர் இடம் விடாமல் அப்புவார். வியர்த்துக் கரைந்தால் மத்தியானம் வந்து மறுபடியும் பூசுவார்.

"கொஞ்சம் தேய்ச்சு விடுங்கண்ணே, இவ்வளவு வெள்ளையா தெரியாதே" என்றேன் ஒருநாள்.

"வெள்ளை தெரியலன்னா வெயிலுக்கு என் தோல் தெரிஞ்சிடும் தம்பி."

மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் ஊர்வலத்தன்று சலவைச் சட்டையில் வந்து களிம்பு டப்பாவைத் திறந்தார்.

"இன்னிக்கு ஒருநாள் வேணாண்ணே, போட்டோ எடுப்பாங்க."

கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டப்பாவை மூடிவிட்டார்.

சாயங்காலம் திரும்பியபோது திட்டுகளெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தன. அவர்தான் என்னைத் தேற்றினார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கும் தம்பி."

அந்த ஊர்வலப் படம் எங்கே கண்டாலும் அவர் முகத்தைத் தேடுகிறேன். இதுவரை ஒன்றிலும் இல்லை.